கராஜ் தரைக்கு எப்பொக்சி பூசப் போகும் உறவுகளுக்கு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கங்களில் வீடு வாங்கி, இந்தக் கோடையில் கராஜ் தரைக்குத் தாங்களே எப்பொக்சி பூசலாம் என்று எண்ணியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கடிதம்.

மே மாதம் கதவு மேலே போனால், ஒக்டோபர் வரை எங்கள் கராஜ்கள் வீட்டின் முன்விறாந்தை ஆகிவிடுகின்றன. மீன் பொரிப்பதும் ஒடியல் கூழ் காய்ச்சுவதும் அங்கேதான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு மேசை கதிரை போடுவதும், அப்பாமார் நாலு பேர் கூடி 304 சீட்டு விளையாடுவதும் அங்கேதான். பனிக்காலம் வந்ததும் அதே தரையில் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கார் ஏறி நிற்கும். எண்ணெய்க் கறையும் வெள்ளைப் பூப்பும் பிடித்த சாம்பல் தரையைப் பார்த்துவிட்டு, நிறச் செதில்கள் தூவிய பளபளப்பான தரை வேண்டுமென்று ஆசைப்படுவது நியாயம். அந்த ஆசையைத் தடுக்க நான் எழுதவில்லை. தரைப் பூச்சு என் தொழில். நீங்கள் பூசும் தரை பல வருடங்கள் உங்களுக்கு உழைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பழுதான தரை என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கார் நிற்கும் இடத்தில், ரயர் பட்ட அளவுக்கு நாலு திட்டுகள் உரிந்து அடியில் சீமெந்து தெரியும். வீட்டுக்காரர் வாங்கிய பூச்சைக் குறை சொல்வார். பூச்சில் குறை இருப்பது அரிது. வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும், அடுத்த சனி வீட்டில் விழா என்ற கணக்கில்தான் குறை இருக்கும். நிறம் பூசிச் செதில் தூவுவது அரைநாள் வேலை. தரையைச் சோதிக்கவும், அரைக்கவும், காயவிடவும், இறுகவிடவும்தான் நாட்கள் வேண்டும். ஆகவே முதலில் கேட்பது இதுதான்: விழாத் திகதியை வைத்துக்கொண்டு தரை வேலையைத் தொடங்காதீர்கள். தரை முடிந்து இறுகிய பிறகு விழாவுக்கு நாள் வையுங்கள்.

எப்பொக்சியைப் பெயின்ற் என்று நினைப்பதிலிருந்து பாதித் தவறுகள் வருகின்றன. பெயின்ற் காய்ந்து இறுகும். எப்பொக்சி இரண்டு திரவங்கள். ஒன்று பிசின், மற்றது இறுக்கி. கலந்த நிமிடத்திலிருந்து இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, மீண்டும் திரவமாக முடியாத திண்மமாகின்றன. 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் சுவிற்சர்லாந்தில் பியர் கஸ்தானும் அமெரிக்காவில் சில்வன் கிறீன்லீயும் தனித்தனியே இந்தப் பிசினை உருவாக்கினார்கள். கஸ்தான் அதைப் பல் வைத்தியத்துக்காக ஆராய்ந்தார். இன்று அது விமானம் முதல் வைத்தியசாலைத் தரை வரை இருக்கிறது. வினை என்பதால் அளவு பிழைக்கக் கூடாது, வெப்பநிலை பிழைக்கக் கூடாது, பிடிக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைசிவரை மனதில் வையுங்கள்.

இனி எங்கள் ஊர்த் தரைக்கு வருவோம். ஒன்ராறியோ கட்டட விதிப்படி கராஜ் தரைக்கு 32 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கொங்கிறீற் ஊற்ற வேண்டும். அதற்குள் 5 முதல் 8 வீதம் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளும் இருக்க வேண்டும். உள்ளே புகுந்த தண்ணீர் உறையும்போது விரியும். விரிவதற்கு இடம் இல்லாவிட்டால் கொங்கிறீற்றின் மேற்தோல் பொரிந்து போகும். அதற்காகத்தான் அந்தக் குமிழிகள். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பல வீடுகளில் ரயர் நிற்கும் இடத்தில் சிறு குழிகள் விழுந்திருக்கும். காரணம், வீதிக்குப் போடும் உப்பு. 401 நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரின் அடியிலிருந்து வடியும் உப்புக் கரைசல் தரையின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதன்மேல் எப்பொக்சி பூசினால், மேற்பரப்பு காய்ந்திருப்பதுபோலத் தெரிந்தாலும், அடியிலிருந்து ஈரமும் உப்பும் பூச்சைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு டின்னையும் வாங்குவதற்கு முன் தரையைச் சோதியுங்கள். தடித்த பொலித்தீனில் 18 அங்குலச் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஒரே இடத்தில் மட்டும் செய்யாதீர்கள். கதவடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வீட்டுச் சுவரோரம் ஒன்று. எடுத்துப் பார்க்கும்போது பொலித்தீனில் துளிகள் இருந்தாலோ, தரை அந்த இடத்தில் கறுத்திருந்தாலோ, ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் கல்சியம் குளோரைட் சோதனைப் பெட்டி வாங்கலாம். 1000 சதுர அடியிலிருந்து 24 மணி நேரத்தில் 3 இறாத்தலுக்கு மேல் நீராவி ஏறினால், பல எப்பொக்சிகள் அந்தத் தரைக்குப் பொருந்தா என்று அவற்றின் கையேடுகளே சொல்கின்றன. அப்படியானால் ஈரம் தாங்கும் சிறப்பு அடிப்பூச்சு வேண்டும். அல்லது எப்பொக்சியையே விட்டுவிட்டு, சைலேன், சிலொக்சேன் வகை ஊடுருவும் காப்புத் திரவம் ஒன்றை அடியுங்கள். அது பளபளக்காது, ஆனால் ஆவியை வெளியே விட்டு உப்புத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். எல்லாக் கராஜும் எப்பொக்சிக்கு ஏற்றதல்ல என்பதை முகத்துக்கு நேரே சொல்ல நான் தயங்குவதில்லை. நீங்களும் ஏற்றுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

இன்னொரு சோதனை ஒரு நிமிட வேலை. தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. முத்து முத்தாக உருண்டு நின்றால், முன்பு யாரோ காப்புத் திரவம் பூசியிருக்கிறார்கள், அல்லது எண்ணெய் ஊறியிருக்கிறது. புது வீடு என்றால் கொங்கிறீற் ஊற்றி 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு பனிக்காலம் கழிந்த பிறகு பூசுவது இன்னும் நல்லது.

அடுத்தது அரைப்பது. கடையில் வாங்கும் பெட்டிகளோடு அமிலமோ அமிலத்தன்மையுள்ள ஒரு தூளோ வரும். தரையில் ஊற்றித் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்பு ஊறிய தரையில் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் இன்னும் குளோரைட்டைத்தான் சேர்க்கிறோம். எண்ணெய்க் கறை உள்ள இடத்தை அமிலம் தொடாது. கழுவிய தண்ணீர் மீண்டும் கொங்கிறீற்றுக்குள் இறங்கும். அதைக் காயவைக்கப் பல நாட்கள் வேண்டும். அந்தத் தண்ணீர் றைவேயால் ஓடி வீதி வடிகானில் விழுந்தால், பல இடங்களில் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஓடைக்குப் போகும். ரூஜ் போன்ற ஆறுகள் வழியாக ஒன்ராறியோ ஏரிக்கும் போகும். நாங்கள் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.

வைரப்பல் பதித்த தரை கிறைண்டரை உபகரணக் கடையில் நாள் வாடகைக்கு எடுக்கலாம். கூடவே ஹெப்பா வடி வைத்த வக்யூமையும் எடுங்கள். அது இல்லாமல் கிறைண்டரைத் தொடவே வேண்டாம். கொங்கிறீற் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. ஒரு நாள் வேலைதானே என்று துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். துணி அந்தத் தூசியைத் தடுக்காது. பி100 வடி பூட்டிய ரப்பர் முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு சரியாகப் பொருந்தாது. தாடியை எடுக்க விருப்பமில்லாதவர் அரைக்கும் வேலையை இன்னொருவரிடம் விடுங்கள்.

எவ்வளவு அரைப்பது? கைவிரலால் தடவினால் மெல்லிய மண்தாள்போலச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். மினுக்கம் எங்கும் மிஞ்சக் கூடாது. மூலைகளையும் சுவரோரத்தையும் கைக் கிறைண்டரால் எடுங்கள், ஏனென்றால் உரிதல் பெரும்பாலும் ஓரத்திலிருந்தே தொடங்கும். எண்ணெய்க் கறையை அரைப்பதற்கு முன்பே கொழுப்பகற்றியால் தேய்த்து நீக்க வேண்டும். அரைத்த பின் தேய்த்தால் எண்ணெய் திறந்த துளைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். வெடிப்பையும் குழியையும் எப்பொக்சிப் பசையால் நிரப்பி, இறுகியதும் மட்டமாக அரைத்துவிடுங்கள். விரிவுக்காக விட்ட இணைப்பை மட்டும் கடினமான பசையால் அடைக்க வேண்டாம். அது அசைய வேண்டிய இடம்.

கராஜைக் காலி செய்வதுதான் எங்கள் வீடுகளில் பெரிய தலைவேதனை. இரண்டாவது ஃபிரீசர், அரிசி மூட்டைகள், கூழ்ப் பானை, பனிக்கால ரயர், ஊருக்கு அனுப்பக் கட்டிவைத்த பெட்டி எல்லாம் அங்கே. எல்லாவற்றையும் ஒரே நேரம் வெளியே வைக்க முடியாதவர்கள் பாதி பாதியாகச் செய்யலாம். கொங்கிறீற்றில் வெட்டிவிட்டிருக்கும் கோடு ஒன்றைப் பார்த்து அதன் ஓரமாக ரேப் ஒட்டி, ஒரு பாதியை மேற்பூச்சு வரை முடியுங்கள். பூச்சு இறுகுமுன் ரேப்பை இழுத்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பாதி நன்றாக இறுகிய பிறகு பொருட்களை அங்கே மாற்றி மற்றப் பாதியைத் தொடங்குங்கள். ஒற்றை நிறத் தரையில் பொருத்து தெரியும். செதில் நிறையத் தூவிய தரையில், கோட்டோடு சேர்ந்து வந்தால், கண்ணுக்குப் படாது. செதில் தூவிய தரையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பாதிக்கும் வேண்டிய செதிலை ஒரே முறையில் வாங்கிக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது அடுத்தது. பஞ்சாங்கம் பார்ப்பவர் பார்க்கட்டும்; நான் சொல்வது பனிபடுநிலை. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. தரையின் வெப்பநிலை அதைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். யூன் தொடக்கத்தில் ஒரு நாளை எடுங்கள்: வெளியே 24 பாகை, ஈரப்பதன் 75 வீதம். உடம்புக்கு இதமான நாள். அன்று பனிபடுநிலை ஏறத்தாழ 19. ஆனால் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கொங்கிறீற் அப்போதும் 18 பாகையில் இருக்கலாம். அப்படியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிந்துகொண்டிருக்கும். காற்றின் வெப்பநிலையைப் பார்த்து நல்ல நாள் என்று பூசுகிறவர், தண்ணீர்மேல் பூசுகிறார். தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கும். அதைத் தரைக்குப் பிடித்துப் பாருங்கள். பனிபடுநிலையை வானிலைச் செயலியே காட்டும்.

குளிர் என்று புரோப்பேன் ஹீட்டரை உள்ளே கொண்டுவர வேண்டாம். அது எரியும்போது நீராவியையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடும். இரண்டும் இறுக்கியிலுள்ள அமைன்களோடு சேர்ந்து பூச்சின்மேல் மெழுகுபோன்ற பிசுபிசுப்பை உண்டாக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. அப்படி வந்துவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். வெயில் ஏறும் காலையிலும் பூச வேண்டாம். தரை சூடாக ஆக, துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து மேலே வந்து பூச்சில் குமிழி விடும். வெப்பம் இறங்கத் தொடங்கும் பின்னேரம் நல்லது.

வாங்கும்போது கணக்குப் போடுங்கள். 20 அடிக்கு 20 அடி கராஜ் 400 சதுர அடி, ஏறத்தாழ 37 சதுர மீற்றர். அதில் கால் மில்லிமீற்றர் தடிப்புக்கு 9.25 லீற்றர் வேண்டும், ஒன்றும் ஆவியாகாத முழுத்திண்ம எப்பொக்சி என்றால். தண்ணீர் கலந்த வகையில் ஏறக்குறைய பாதி ஆவியாகிப் போகும். அதே வாளி பாதித் தடிப்பைத்தான் தரும். விலை ஏன் இப்படி வித்தியாசப்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மேடுபள்ளத்துக்கும் றோலர் குடிப்பதற்கும் பத்து வீதம் கூட்டி வாங்குங்கள்.

பூசும் நாளில் மூன்று பேர் வேண்டும். ஒருவர் கலக்க, ஒருவர் பூச, ஒருவர் செதில் தூவ. பெட்டியில் எழுதிய விகிதத்தைக் கண்ணளவில் எடுக்க வேண்டாம். டிறிலில் கலக்கியைப் பூட்டி மெதுவாக மூன்று நிமிடம் கலக்கி, இன்னொரு வாளிக்கு மாற்றி மீண்டும் கலக்குங்கள். வாளியின் சுவரில் ஒட்டிக் கலக்காமல் இருந்தது அப்போதுதான் சேரும். கலந்ததும் நீளமாகத் தரையில் ஊற்றிவிட வேண்டும். வாளிக்குள்ளேயே விட்டுவைத்தால் வினையின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, புகையும் வரும், கையும் சுடும். ஓரத்தைப் பிறஷ்ஷால் எடுத்து, இரப்பர் இழுவையால் பரப்பி, றோலரால் குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். உள்ளே நடப்பதற்கு ஆணிவைத்த சப்பாத்து வேண்டும்.

செதில் தூவுவதற்கு வன்னியில் நெல் விதைத்த அப்பாமார் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். கீழ்நோக்கி எறிந்தால் குவியல் குவியலாக விழும். விதைநெல்லைப்போல மேல்நோக்கி வீசி, தானாக விழவிட வேண்டும். அந்தக் கை அவர்களுக்குப் பிறவியிலேயே வந்ததுபோல இருக்கும். எந்த வேலைக்காரரும் அவர்களுக்குச் சமமாக வீசி நான் பார்த்ததில்லை. அடியில் பூசிய நிறம் தெரியாமல், இனிமேல் ஒட்ட இடமில்லை என்னும் வரை தூவுங்கள். குறைவாகத் தூவினால் ரயர் உரசும் இடம் சீக்கிரம் தேயும்.

மறுநாள், ஒட்டாத செதிலைத் தும்புத்தடியால் கூட்டிச் சுத்தமாகச் சேர்த்து வையுங்கள். பிறகு அகலமான சுரண்டியால் இரண்டு திசையிலும் சுரண்டி, நிமிர்ந்து நிற்கும் செதில்களை வெட்டிவிட்டு, வக்யூம் பிடியுங்கள். இதைத் தவறவிட்டால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் பாதத்தில் குத்தும்.

அதன்மேல்தான் நிறமற்ற மேற்பூச்சு. இதற்கு எப்பொக்சி வேண்டாம். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் அது மஞ்சளாகும், அதுவும் கதவோரம் ஒரு பட்டியாக. பொலியூரத்தேனோ பொலியஸ்பார்ட்டிக்கோ வாங்குங்கள். மீன் பொரித்த எண்ணெய் சிந்தும், பனித்தண்ணீர் வடியும் தரை என்பதால், வழுக்காமல் இருக்க நுண்ணிய அலுமினியம் ஒட்சைட் துகளை அதில் கலக்க வேண்டும். வயதான அம்மா செருப்போடு நடக்கும் தரை அது. பொலியஸ்பார்ட்டிக் வேகமாக இறுகும், இருபது முப்பது நிமிடத்துக்குமேல் உங்களுக்கு அவகாசம் தராது. முதல்முறை செய்பவர்களுக்கு மெதுவாக இறுகும் வகைதான் நல்லது. இரண்டு பூச்சுக்கும் இடையே எத்தனை மணி நேரம் விடலாம் என்று கையேட்டில் இருக்கும். அந்த நேரம் கடந்துவிட்டால் மண்தாளால் மெல்ல உரசித் தூசி எடுத்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள்.

இனிச் சொல்வதை யாரும் தவறவிட வேண்டாம். இறுகாத எப்பொக்சியும் அதன் இறுக்கியும் தோலில் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை அந்த ஒவ்வாமை பிடித்துவிட்டால் வாழ்நாள் முழுதும் இருக்கும். பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் வெடிக்கும். நைற்றைல் கையுறை போடுங்கள், அழுக்கானதும் மாற்றுங்கள். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்க வேண்டாம், அது இன்னும் உள்ளே கொண்டுபோகும், சவர்க்காரத்தால் கழுவுங்கள். மேற்பூச்சுகளின் இறுக்கியில் ஐசோசயனேற் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஏற்கெனவே இழுப்பு உள்ளவர் அந்த வேலைக்கு வரவே கூடாது. பூசும்போது கையேடு சொல்லும் ஆவி வடி பூட்டிய முகமூடி வேண்டும். எங்கள் வீடுகள் பலவற்றில் கராஜுக்கு மேலேதான் ஒரு படுக்கையறை இருக்கும். அங்கே படுக்கும் அம்மம்மாவையோ குழந்தையையோ இரண்டு நாளுக்குச் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். வீட்டுக்குள் போகும் கதவின் விளிம்பை ரேப்பால் அடைத்துவிடுங்கள்.

மேற்பூச்சு பூசிய அடுத்தநாள் நடக்கலாம். காரை மூன்று நாளில் ஏற்றலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நான் ஏழு நாள் சொல்வேன். நெடுஞ்சாலையில் ஓடி வந்த ரயர் சூடாக இருக்கும். அது பூச்சை இளக்கி, ஆறிச் சுருங்கும்போது பிடித்து இழுக்கும். முழுதாக இறுகாத பூச்சும் அரைக்காத தரையில் ஒட்டிய பூச்சும் அந்த இழுப்பில்தான் கழன்று வருகின்றன. நான் முதலில் சொன்ன நாலு திட்டுகளின் காரணம் அதுதான்.

மிஞ்சிய பிசினையும் இறுக்கியையும் குப்பையிலோ தொட்டியிலோ ஊற்றாமல், நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள். கூட்டிச் சேர்த்த செதிலில் ஒரு பையை எடுத்துவைத்து, பூச்சின் பெயர், நிறம், பூசிய திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதற்குள் போடுங்கள். என்றைக்காவது கூழ்ப் பானை விழுந்து ஒரு துண்டு பெயர்ந்தால், அந்தப் பையும் தாளும் இருந்தால் போதும், அந்த இடத்தை மட்டும் அரைத்து மறுபடி பூசிவிடலாம்.

அன்புடன்,
தரைப் பூச்சு வேலை செய்யும் உங்களில் ஒருவன்